பால் பெரியதா, தண்ணீர் பெரியதா?

ஐந்து வயது, ஏழு வயதுக் குழந்தைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தவர்கள் மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் என்ற இரண்டு உளவியலாளர்கள். "சிவப்பு கனமா, மஞ்சள் கனமா?" என்றும் கேட்டார்கள். ஆய்வு 1980-இல் வெளிவந்தது. கேள்விக்கு அர்த்தமே இல்லை. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் தயங்காமல் பதில் சொன்னார்கள். பலர் காரணமும் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டு கேட்டால், அதற்குச் சரியான விடை ஒன்று இருந்தே தீரும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள்.

இது குழந்தைகளுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில், '1975-ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டத்தை ரத்து செய்ய வேண்டுமா?' என்று வயது வந்தவர்களிடம் ஜார்ஜ் பிஷப்பும் அவரது சகாக்களும் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. இருந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 'வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ கருத்துச் சொன்னார்.

கருத்துப் படிவம் தயாரிக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டிய உண்மை இதில் இருக்கிறது. கேள்வியில் உள்ள கோளாறு பதிலில் தெரியாது. அடி நசுங்கிய படியால் அளந்தாலும் நெல் குவியலாகத்தான் விழும். குவியலைப் பார்த்துப் படியின் நசுங்கலைக் கண்டுபிடிக்க முடியாது. அபத்தமான கேள்விக்கும் சதவீதம் கிடைக்கும், வண்ண வண்ண வரைபடம் கிடைக்கும். அதை நம்பி முடிவும் எடுத்துவிடுவோம்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் மேற்கே இருக்கும் ட்ருகனினாவில் இந்தக் கருத்துப் படிவங்கள் வீட்டு விஷயம். சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரை பெரும்பாலும் வயல்வெளியாக இருந்த பகுதி இது. இன்று இந்தியா, இலங்கை, இன்னும் எத்தனையோ நாடுகளிலிருந்து வந்த இளம் குடும்பங்கள் நிறைந்த புறநகர். பிள்ளைகள் பெருகப் பெருகப் பள்ளிகளும் பெருகுகின்றன. 2024-இல் மட்டும் வாரீன் தொடக்கப் பள்ளி, பெமின் உயர்நிலைக் கல்லூரி என இரண்டு அரசுப் பள்ளிகள் இங்கே திறக்கப்பட்டன. விக்டோரியா மாநில அரசுப் பள்ளிகளில் 4-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் ஆண்டுதோறும் 'பள்ளியைப் பற்றிய மனப்பான்மை' சர்வே எடுக்கிறார்கள். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் தனி சர்வே உண்டு, பெற்றோருக்கும் தனியாக உண்டு. இவற்றின் முடிவுகள் பள்ளியின் ஆண்டறிக்கையில் இடம்பெறுகின்றன. ஒன்பது வயதுப் பிள்ளை திரையில் தட்டும் ஒரு தட்டல், ஒரு பள்ளியின் பொது மதிப்பீட்டில் போய் உட்காருகிறது. ஆகவே அந்தத் தட்டலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

ஒரு பதிலுக்கு நான்கு படிகள்

நம் கருத்துகள் எல்லாம் மனதுக்குள் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன, கேட்டால் எடுத்துக் கொடுக்கிறோம் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் பல பதில்கள் கேள்வி காதில் விழுந்த பிறகே உருவாகின்றன. ரோஜர் டூராஞ்சோ என்ற ஆய்வாளர் 1984-இல் இதை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதலில் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும். அடுத்து, தொடர்புடைய நினைவுகளைத் தேட வேண்டும். மூன்றாவதாக, கிடைத்த நினைவுகளைக் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். கடைசியாக, அந்த முடிவைப் படிவத்தில் உள்ள கட்டங்களில் ஒன்றுக்குள் பொருத்த வேண்டும்.

'உங்கள் ஆசிரியர் தெளிவாகவும் ஆர்வமூட்டும் விதத்திலும் பாடம் நடத்துகிறாரா?' என்று ஒரு கேள்வி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் படியிலேயே இடறல்: தெளிவு உண்டு, ஆர்வம் இல்லை என்றால் எதைத் தட்டுவது? இரண்டாம் படியில், எந்த ஆசிரியர், எந்தப் பாடம், எந்தக் காலம்? காலையில் கணக்கு வகுப்பில் திட்டு வாங்கிய பையனுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். மூன்றாம் படியில் அவன் ஆண்டு முழுவதையும் மனதுக்குள் சராசரி போட வேண்டும். பெரியவர்களுக்கே அது சிரமம். நான்காம் படியில் 'எப்போதாவது' என்பதற்கும் 'சில நேரங்களில்' என்பதற்கும் நடுவே மாட்டிக்கொள்கிறான். இப்படிப்பட்ட கேள்விகள் ஐம்பது வந்தால் பத்தாவது கேள்விக்குள் களைத்துவிடுவான். பிறகு எல்லாவற்றுக்கும் நடுக்கட்டம்தான். இப்படி யோசிக்காமல் ஒப்பேற்றும் பழக்கத்தை ஜான் கிராஸ்னிக் 1991-இல் விரிவாக விளக்கினார். கேள்வி கடினமாக இருந்தாலும், மனம் களைத்துப் போனாலும், ஆர்வம் குறைந்தாலும் இந்த ஒப்பேற்றல் கூடுகிறது.

ஒரு சொல், ஓர் எண், ஒரு வரிசை

டொனால்ட் ரக் என்பவர் அமெரிக்காவில் செய்து 1941-இல் வெளியிட்ட சோதனை, கேள்விகளை ஆராய்பவர்கள் இன்றும் மறக்காதது. ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளைத் தடை செய்ய வேண்டுமா என்று ஒரு குழுவிடம் கேட்டார்கள். 46 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அத்தகைய பேச்சுகளை அனுமதிக்க வேண்டுமா என்று இன்னொரு குழுவிடம் கேட்டபோது, 62 சதவீதம் பேர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் ஒன்றுதான். ஆனால் 'தடை' என்ற சொல் கடுமையாக ஒலித்தது. ஒரே சொல்லில் 16 சதவீதப் புள்ளிகள் நகர்ந்துவிட்டன.

எண்களுக்கும் இதே வலிமை உண்டு. வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி பெற்றிருக்கிறீர்கள் என்று ஜெர்மனியில் கேட்டார்கள். இரண்டு குழுக்களுக்கும் பதினொரு கட்டங்கள். ஒரு குழுவுக்குக் கட்டங்கள் 0 முதல் 10 வரை, மற்றதற்கு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை. முதல் குழுவில் 34 சதவீதம் பேர் கீழ்ப்பாதியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாவதில் 13 சதவீதம் பேர் மட்டுமே. நார்பர்ட் ஷ்வார்ட்ஸ் குழுவினர் 1991-இல் வெளியிட்ட இந்த முடிவுக்குக் காரணம் எளிது. 0 என்றால் 'பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை' என்று படுகிறது. மைனஸ் என்றால் 'தோற்றுப்போனேன்' என்று படுகிறது. தோல்வியை ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

வரிசையும் பேசும். 1948-இல் அமெரிக்கர்களிடம், கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை இங்கே வந்து செய்தி சேகரிக்க விடலாமா என்று நேராகக் கேட்டபோது 36 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். 'நம் நிருபர்களை அந்த நாடுகள் அனுமதிக்க வேண்டுமா?' என்று முதலில் கேட்டுவிட்டு அதே கேள்வியைப் போட்டபோது 73 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். நமக்கொரு நியாயம், அவர்களுக்கொரு நியாயமா என்று மனச்சாட்சி இடையில் புகுந்துவிட்டது.

பள்ளிப் படிவத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வகுப்பில் நடக்கும் கேலி, சண்டை பற்றி ஐந்து கேள்விகள் கேட்டுவிட்டு, ஆறாவதாக 'மொத்தத்தில் உனக்குப் பள்ளி பிடித்திருக்கிறதா?' என்று கேட்டால், அந்த ஐந்தின் நிழல் ஆறாவதில் விழும். பொதுவான கேள்வியை முதலில் வைத்து, குறிப்பான கேள்விகளைப் பின்னால் வைப்பது இதனால்தான்.

'உறுதியாக ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'உறுதியாக மறுக்கிறேன்' வரை செல்லும் ஐந்து கட்டங்கள் இன்று உலகம் முழுக்கப் பழக்கமாகிவிட்டன. ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் உருவாக்கிய முறை அது. எளிமையானது, பயனுள்ளது. ஆனால் எது சொன்னாலும் 'ஆம்' என்று தலையாட்டும் மனிதப் பழக்கத்தை அது தூண்டிவிடும். நடுக்கட்டமும் ஏமாற்றும். 'நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை' என்று நினைப்பவர், 'தெரியாது' என்பவர், படிக்காமலேயே தட்டியவர் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். 'எனக்குத் தெரியாது', 'எனக்குப் பொருந்தாது' என்று தனிக் கட்டங்கள் கொடுத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

சிட்னியின் ஐந்தே கால் லட்சம் படிவங்கள்

கேள்வி ஒழுங்காக இருந்தாலும், பதில் சொல்பவரின் மனச்சாய்வு படிவத்தில் ஏறிக்கொள்ளும். இதற்கு மிகப் பெரிய சான்றுகளில் ஒன்று சிட்னியிலிருந்து வந்தது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010 முதல் 2016 வரை ஐந்து புலங்களில் மாணவர்கள் நிரப்பிய சுமார் 5.25 லட்சம் படிவங்களை யானன் ஃபான் தலைமையிலான குழு ஆராய்ந்து, 2019-இல் 'பிளோஸ் ஒன்' இதழில் வெளியிட்டது. பெண் ஆசிரியர்களுக்கும், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பின்னணி கொண்ட ஆசிரியர்களுக்கும் மதிப்பெண் குறையும் போக்கு அதில் தெரிந்தது. வணிகவியல், அறிவியல் புலங்களில் இது அதிகம். ஆங்கிலப் பின்னணி கொண்ட ஆண் ஆசிரியருக்கே உச்ச மதிப்பெண் கிடைக்கும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. பெண்கள் கணிசமாகப் பணியாற்றும் கலை, சமூக அறிவியல் புலத்தில் பாலினச் சாய்வு ஏறக்குறைய இல்லை. எல்லா விதமான ஆசிரியர்களையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சாய்வு குறைகிறது போலும்.

இதைப் படிக்கும்போது, கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்துவிட்டு இங்கே விரிவுரை நடத்தும் நம் பெண்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்களது பதவி உயர்வுக் கோப்பில் போகும் எண்ணில் உச்சரிப்புக்கான அபராதமும் கலந்திருக்கக்கூடும். அந்த எண்ணைத் தனியாகப் பார்த்து அதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

சாய்வு இன்னும் எளிய வழிகளிலும் வரும். ஜெர்மனியில் 118 மருத்துவ மாணவர்களை இருபது குழுக்களாகப் பிரித்து ஒரே பாடத்தை நடத்தினார்கள். பாதிக் குழுக்களுக்கு மட்டும் சாக்லேட் பிஸ்கட் கொடுத்தார்கள். பிஸ்கட் சாப்பிட்டவர்கள் ஆசிரியருக்கு மட்டுமல்ல, பாடக் குறிப்புகளுக்கும் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். 2018-இல் வெளிவந்த ஆய்வு இது. அதே ஆண்டு கனடாவின் டொரான்டோவில், ரையர்சன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் நடுவர் வில்லியம் காப்லன், மாணவர் மதிப்பீட்டு எண்களைக் கற்பிக்கும் திறனின் அளவுகோலாக வைத்துப் பதவி உயர்வைத் தீர்மானிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

அப்படியானால் மாணவர்களிடம் கேட்கவே வேண்டாமா? கட்டாயம் கேட்க வேண்டும். மாணவருக்குத் தெரிந்ததைக் கேட்க வேண்டும். ஓர் ஆசிரியர் தன் துறையில் எவ்வளவு ஆழமானவர் என்பது முதலாண்டு மாணவிக்குத் தெரியாது. தன் கட்டுரை திருத்தப்பட்டுத் திரும்பி வந்ததா, அதில் இருந்த குறிப்பு உதவியதா, பாடச் சுமை தாங்கும்படி இருந்ததா என்பது அவளைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. பால் ராம்ஸ்டென் வடிவமைத்து, 1993 முதல் ஆஸ்திரேலியா முழுவதும் பட்டதாரிகளிடம் கேட்கப்பட்ட படிப்பு அனுபவப் படிவம் இந்த வழியில் யோசித்தது. நல்ல கற்பித்தல், தெளிவான இலக்கு, ஏற்ற சுமை, ஏற்ற மதிப்பீடு என்று அனுபவத்தின் பகுதிகளைத் தனித்தனியாகத் தொட்டது.

இந்தியாவில் கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் நாக் (NAAC) அமைப்பு மாணவர்களுக்கு அனுப்பும் திருப்திப் படிவத்தில் 21 கேள்விகள் உண்டு. முதல் கேள்வியே பாடத்திட்டத்தில் எவ்வளவு பகுதி வகுப்பில் நடத்தப்பட்டது என்பதுதான். '85 முதல் 100 சதவீதம்', '70 முதல் 84 சதவீதம்' என்று கட்டங்கள் இறங்கிக்கொண்டே போகும். பிடித்தது, பிடிக்காதது என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. கண்ணால் பார்த்ததைக் கேட்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் எவரும் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிடலாம்.

பெயர் எழுதாவிட்டால் போதுமா?

ஊழியர் சர்வேயில் முதல் சிக்கல் அச்சம். 'பெயர் கேட்கவில்லை, தைரியமாக எழுதுங்கள்' என்பார்கள். அடுத்த பக்கத்தில் வயது, பாலினம், கற்பிக்கும் பாடம், பணியில் சேர்ந்த ஆண்டு, வீட்டில் பேசும் மொழி என்று கேட்பார்கள். நாற்பது பேர் வேலை செய்யும் பள்ளியில் முப்பது வயதுக்குட்பட்ட, தமிழ் பேசும், கணக்கு ஆசிரியை எத்தனை பேர் இருப்பார்கள்? ஒருவர். அவர் பெயரை எழுதவே தேவையில்லை. அதனால் அவசியமற்ற விவரத்தைக் கேட்காமல் இருப்பதும், சிறிய குழுக்களின் முடிவைத் தனியாக வெளியிடாமல் இருப்பதும் அடிப்படை நாணயம்.

அதையும் தாண்டி, கேட்பவருக்கே தனிநபரின் பதில் தெரியாதபடி உண்மையைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. 1965-இல் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது இது. 'இந்த ஆண்டு சக ஊழியர் யாராவது உங்களை மிரட்டியதுண்டா?' என்று 200 பேரிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் யாருக்கும் காட்டாமல் ஒரு காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், நடந்தது எதுவானாலும் 'ஆம்' என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். மொத்தம் 130 பேர் 'ஆம்' என்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 100 பேர் தலை விழுந்ததால் எழுதியவர்கள். மிச்சம் 30. பூ விழுந்த 100 பேரில் 30 பேர் என்றால், மிரட்டலுக்கு ஆளானவர்கள் சுமார் 30 சதவீதம். உங்கள் படிவத்தில் 'ஆம்' என்று இருந்தாலும், 'எனக்குத் தலை விழுந்தது' என்ற பாதுகாப்பு உங்களிடம் இருக்கிறது. தனிமனிதர் மறைந்துகொள்கிறார், கூட்டத்தின் உண்மை வெளியே வருகிறது. இந்த முறையை வளர்த்ததில் இந்தியப் புள்ளியியலாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அரிஜித் சௌதுரியும் ராகுல் முகர்ஜியும் 1988-இலேயே இதைப் பற்றி முழு நூல் எழுதினார்கள். காசின் தற்செயலும் கணக்கில் சேர்வதால், இந்த முறைக்குப் பெரிய கூட்டம் வேண்டும். ஒரு சிறிய பள்ளியில் இது சரிவராது.

சதவீதத்துக்குள் ஒளிந்திருப்பவர்கள்

100 மாணவர்களுக்குப் படிவம் அனுப்பி 30 பேர் பதில் சொன்னார்கள். அவர்களில் 24 பேருக்குத் திருப்தி. அறிக்கையில் '80 சதவீதம் திருப்தி' என்று வரும். பதில் சொல்லாத 70 பேரும் அதிருப்தியாளர்களாக இருந்தால் உண்மை அளவு 24 சதவீதம். எல்லாரும் திருப்தியாளர்களாக இருந்தால் 94. நடுவில் இருப்பது பெரிய இருட்டு. இந்த இருட்டில் விழுந்த மிகப் பெரிய உதாரணம் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை. 1936 அதிபர் தேர்தலுக்கு முன் அது ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேலான பதில்கள் குவிந்தன. வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று பத்திரிகை அறிவித்தது. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். பதில் போட்டவர்கள் போடாதவர்களிடமிருந்து வேறுபட்டிருந்ததால், பதில்களின் எண்ணிக்கை காப்பாற்றவில்லை.

நம் வீடுகளிலும் இந்த இருட்டு உண்டு. பெற்றோர் படிவம் வந்தால், 'வாத்தியாரைக் குறை சொல்வது முறையில்லை' என்று பலர் மூடி வைக்கிறார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டு அனுப்புகிறார்கள். மரியாதையில் செய்வதுதான். ஆனால் தன் பிள்ளை மதிய இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருக்கிறது என்ற செய்தி பள்ளிக்குப் போய்ச் சேராமலேயே நின்றுவிடுகிறது.

சின்ன வகுப்புகளில் எண்கள் இன்னொரு விதத்திலும் ஏய்க்கும். 25 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 4 சதவீதம். சென்ற ஆண்டு 80, இந்த ஆண்டு 76 என்றால் பள்ளி சரிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒரே ஒரு குழந்தையின் பதில் மாறினாலே இது நடக்கும், அவ்வளவுதான். அந்தக் குழந்தை யார், அதற்கு என்ன ஆயிற்று என்று எந்த சதவீதமும் சொல்லாது.

படியைச் சரிபார்க்கும் வழி

கோளாறு பதிலில் தெரியாது என்றால், கேள்வியை முன்கூட்டியே சோதிப்பது ஒன்றுதான் வழி. அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. படிவத்தை அனுப்புவதற்கு முன், அதை நிரப்பப் போகிறவர்களில் ஐந்தாறு பேரைத் தனித்தனியே உட்கார வைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். "கண்ணா, இந்த வரி என்ன கேக்குதுன்னு உன் சொல்லுல சொல்லு பாப்போம். நீ யாரை நெனச்சுட்டு இதைத் தட்டின?" என்று கேட்டால் போதும். 'ஆசிரியர்கள் மாணவர்களை நியாயமாக நடத்துகிறார்கள்' என்ற வரியைப் படித்து ஒரு பிள்ளை தன் வகுப்பாசிரியரை நினைத்திருப்பான். இன்னொருத்தி விளையாட்டு ஆசிரியரை நினைத்திருப்பாள். மூன்றாவது பிள்ளைக்கு 'நியாயமாக' என்றால் 'எல்லாருக்கும் ஒரே மாதிரி' என்று அர்த்தமாகியிருக்கும்.

அதன் பிறகு கேள்வி இப்படி மாறலாம்: 'கடந்த இரண்டு வாரங்களில் கணக்குப் பாடம் புரியாதபோது ஆசிரியரிடம் மறுபடி விளக்கம் கேட்க முடிந்ததா?' இதற்கான கட்டங்கள்: 'கேட்க வேண்டி வரவில்லை', 'ஒவ்வொரு முறையும் முடிந்தது', 'சில முறை முடிந்தது', 'ஒருமுறைகூட முடியவில்லை'. காலம் குறுகியது, பாடம் ஒன்று, செயல் ஒன்று, நினைவுக்கு எட்டும் தூரம். கேள்விகளின் எண்ணிக்கையையும் இதே கண்டிப்போடு குறைக்கலாம். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, 'இதற்கு மோசமான பதில் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்?' என்று எழுதிப் பார்க்க வேண்டும். எழுத ஒன்றும் இல்லாத கேள்வியைத் தூக்கிவிடலாம்.

ஹியூஸும் கிரீவும் கேட்டது போன்ற அபத்தக் கேள்விகளைப் பின்னால் பிரிட்டனில் வேறு ஆய்வாளர்களும் கேட்டுப் பார்த்தார்கள். 'ஆம்', 'இல்லை' என்று பதில் வாங்கும் வடிவத்தில் கேட்டபோது பிள்ளைகள் முன்பு போலவே பதில் சொன்னார்கள். பதிலைப் பிள்ளையே சொல்லும்படி திறந்த வடிவத்தில் கேட்டபோது பெரும்பாலோர் 'தெரியாது' என்று ஒப்புக்கொண்டார்கள். வெற்றிடம் கொடுத்தால் குழந்தை நேர்மையாகிவிடுகிறது. எந்தப் படிவத்திலும் கடைசியில் ஒரு வெற்றுக் கட்டமாவது இருக்க வேண்டும், அதில் எழுதியதை யாராவது ஒருவர் முழுதாகப் படிக்க வேண்டும்.

ஒருவரிடம் கருத்துக் கேட்பது அவருக்குக் கொடுக்கும் வாக்குறுதியும்கூட. 'நீங்கள் இதைச் சொன்னீர்கள், நாங்கள் இதை மாற்றினோம், இதை மாற்ற முடியவில்லை, காரணம் இது' என்று அடுத்த மாதமே திரும்பி வந்து சொல்லும் பள்ளிக்கு அடுத்த ஆண்டு உண்மையான பதில்கள் கிடைக்கும். சொல்லாத பள்ளிக்கு நடுக்கட்டங்கள் கிடைக்கும். ஆகவே ட்ருகனினாவில் உள்ள தாய் தகப்பன்மாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்டு முடித்த பிறகு, "போன வருஷ சர்வேயில பிள்ளைங்க சொன்னதை வச்சு என்ன மாத்தினீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல பள்ளிகள் இந்தக் கேள்வியை வரவேற்கும். சொல்வதற்கு அவர்களிடம் பதில் இருக்கும்.